ஆடிக் கிருத்திகையில் வாய் திறக்காத அம்மா

நம்ம பெஞ்சில் புதுசாக உட்கார வந்திருக்கும் பொண்ணுங்களுக்கு, நல்லா இருங்க.

நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு வராது. பெஞ்சில் என்கூட உட்காருகிற வசந்தாவுக்கு அது தெரியும். "நீ பேச வேணாம்க்கா, எழுதிக் குடு, நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். வசந்தா திருத்திப் படிப்பாள். திருத்துகிற சாக்கில் அவளாக எதையாவது சேர்த்துப் படித்தால் நம்பாதீங்க.

நான் பவர்லூமுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். பிறந்த வீட்டில் தமிழ், வாழ்க்கைப்பட்ட வீட்டில் தெலுங்கு. மாமனாரை நைனா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டதில் ஆரம்பித்து, சண்டை போடுகிற அளவுக்குத் தெலுங்கு வந்துவிட்டது. சண்டை போட வந்துவிட்டால் அப்புறம் அந்த மொழியில் வராதது ஒன்றும் இல்லை. நம்ம திருத்தணியில் இது பெரிய விஷயமே கிடையாது. தெருவுக்குத் தெரு என்னை மாதிரி பொம்பளைங்கதான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் தெலுங்கு பேச ஆள் இல்லாமல் இருந்தது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரங்களுக்கு நம்ம ஆஸ்பத்திரிதான் கிட்ட. வருவாங்க, ஓபி சீட்டு வாங்குவாங்க, டாக்டர் முன்னால் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுக் காட்டுவாங்க. மாத்திரையை எப்போ போடணும் என்று புரியாமலே பஸ் ஏறுவாங்க. டாக்டருங்களும் தெற்கத்தியிலிருந்து வந்தவங்க. அவங்க மேலும் தப்பில்லை. நம்ம மகளிர் குழுப் பொம்பளைங்க சேர்ந்து கேட்டோம். வசந்தா கேட்டாள், நாங்க பின்னால் நின்றோம். அலைந்து அலைந்து, சீட்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் கொடுத்தாங்க. மேலே 'மொழி உதவி' என்று ரெண்டு மொழியிலும் போர்டு. அந்த போர்டு மாட்டின அன்றைக்கு வசந்தா கேசரி கிண்டி எடுத்து வந்தாள். நோயாளிங்க, காவல்காரர், பெருக்குகிற அம்மா, எல்லாருக்கும் கேசரி. சர்க்கரைக்காரங்களுக்கு இல்லை என்று டாக்டர் வந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதும் அன்றைக்குத்தான்.

பெஞ்ச் வேலையில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். அவங்க சொன்னதைச் சொல்லு. கூட்டாதே, குறைக்காதே. ஒரு தடவை ஒரு விவசாயி நர்ஸம்மாவைப் பார்த்து, "ஊசி குத்துறாளா, கடப்பாரையால குழி தோண்டுறாளா, கேளு" என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் அப்படியே சொன்னேன். நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறு கையில் மெதுவாகக் குத்தினாங்க. சொல்லாமல் விட்டிருந்தால் அவர் அடுத்த வாரம் வந்திருக்கவே மாட்டார்.

இதெல்லாம் வசந்தா உங்களுக்குப் பாடமாகவே நடத்துவாள். நான் சொல்ல வந்தது வேற.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் மருத்துவ முகாம் போடுவாங்க. தகரக் கொட்டகை, நாலு கட்டில், வாசலில் ஆம்புலன்ஸ். அந்த வருஷம் நம்ம பெஞ்சையும் அங்கே வரச் சொன்னாங்க. நமக்கு ஒரே பெருமை. வசந்தா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வெளியே காவடியும் பம்பையும் உடுக்கையும். ஊரே மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. பூக்காவடிங்க ஒன்றையொன்று இடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தன.

மதியத்துக்கு முன்னால் ரெண்டு பேர் ஒரு அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்கவைத்தாங்க. நாற்பத்தைந்து வயசு இருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி. படிக்கட்டுக்கிட்ட மயங்கி விழுந்துவிட்டாங்களாம். கொண்டுவந்தவங்களுக்கு அவங்க யாரென்று தெரியாது. இறக்கிவிட்டு அவங்க காவடியைப் பார்க்கப் போய்விட்டாங்க.

முகாமில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா, தூத்துக்குடிப் பக்கம். தண்ணி தெளித்து, ரத்தக் கொதிப்பு பார்த்தாங்க. கண் திறந்தது. "அம்மா, உங்க பேரென்ன?" என்று கேட்டாங்க. பதில் இல்லை.

"எந்த ஊரு? கூட யாரு வந்திருக்கா?"

பேந்தப் பேந்தப் பார்த்தாங்க.

டாக்டரம்மா எங்க பக்கம் திரும்பினாங்க. "தமிழ் தெரியலை போல. உங்க ஆளுதான். வாங்க."

வசந்தா கொசுவத்தைச் செருகிக்கொண்டு போனாள். "ஏம்மா, நீ பேரு ஏமி? ஏ ஊரு?" என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மா ஒரு விரலால் வாயைத் தொட்டாங்க. அப்புறம் கையை மேலே காட்டினாங்க. மேலே என்ன இருக்கு? மின்விசிறி இருக்கு. எங்ககூட வந்திருந்த ஆஸ்பத்திரிக் காவல்காரர் ஓடிப்போய் அதை வேகமாகச் சுற்றவிட்டார். அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாங்க.

"தெலுங்கும் இல்லைக்கா. கன்னடமா இருக்கும்" என்றாள் வசந்தா.

அன்றைக்குத் திருத்தணியில் எந்த மொழிக்குப் பஞ்சம்? வெளியே கடலைப்பொரி விற்கிற ஒருத்தர் பெங்களூரில் இருந்தவர். வசந்தா அவரைக் கூட்டிவந்தாள். அவர் கன்னடத்தில் பேர் கேட்டார். இல்லை. பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு பெண் போலீஸ் இந்தியில் பேர் கேட்டாங்க. இல்லை. வளையல் கடைக்காரர் உருதுவில் கேட்டார், எதுக்கும் இருக்கட்டும் என்று மலையாளத்திலும் கேட்டார். கட்டிலைச் சுற்றி ஒரு கும்பலே நின்று ஆளுக்கொரு மொழியில் பேர் பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொருத்தருக்கும் அந்த அம்மா வாயைத் தொட்டாங்க, மேலே காட்டினாங்க. வசந்தாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் ஒரு பாஷைதான், கண்டுபிடிச்சிடுவேன், பாரு" என்றாள்.

டாக்டரம்மா முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாங்க.

"இது மொழிப் பிரச்சினை இல்லைம்மா. மயங்கி விழுந்திருக்காங்க, எழுந்த பிறகு பேச்சு வரலை. வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க பாருங்க. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருந்தா இப்படித்தான் ஆகும். நேரம் போகப் போக ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடப் போறேன்."

ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அதைப் பார்த்ததும் அந்த அம்மா கட்டில் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாங்க. கண்ணில் பொலபொல என்று தண்ணி. போகமாட்டேன் என்று தலையாட்டினாங்க. மறுபடி மேலே காட்டினாங்க.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரிய காவடிக் கும்பல் வந்தது. "வெற்றிவேல் முருகனுக்கு" என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். உங்களுக்கே தெரியும். அந்தக் குரல் கேட்டால் நம்ம வாய் நம்மைக் கேட்காது. காவல்காரர், வசந்தா, கடலைப்பொரிக்காரர், டிரைவர், ஏன், காதில் குழாயை மாட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மாகூட, எல்லாரும் "அரோகரா" என்றோம்.

நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ரெண்டும் தலைக்கு மேலே போய்க் குவிந்தது. உதடு மட்டும் உள்ளே மடிந்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாங்க. கழுத்து நரம்பு புடைத்தது. பேச்சு வராதவங்க வாயைத் திறந்து முயற்சி பண்ணுவாங்க. இவங்க வருகிற சத்தத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாங்க.

கிட்டப் போய்க் குனிந்து தெலுங்கில் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, மொக்குபடியா? பேசுறதில்லைன்னு வேண்டுதலா?"

தலை வேகமாக ஆடியது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாங்க. அப்புறம் மேலே காட்டினாங்க. அது மின்விசிறி இல்லை, கொட்டகைக்கு மேலே இருக்கிற மலை.

பொண்ணுங்களா, அத்தனை பேர் அத்தனை மொழியில் கேட்டோமே, எல்லாரும் கேட்டது என்ன? பேர் என்ன, ஊர் என்ன. தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. மொழியை மாற்றிக்கொண்டே இருந்தோம், கேள்வியை மாற்றவே இல்லை. நம்ம மாதிரி மொழி உதவிக்கு உட்காருகிறவங்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். எதைப் பார்த்தாலும் மொழிதான் பூட்டு என்று தோன்றும்.

டாக்டரம்மாவிடம் போனேன். இங்கேதான் நான் நின்று யோசித்தது. "அவங்க நல்லாத்தான் இருக்காங்க, அனுப்பாதீங்க" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? வேண்டுதல் இருக்கிறவங்களுக்குப் பக்கவாதம் வராது என்று யார் சொன்னது? நான் சொல்லி, டாக்டரம்மா நம்பி, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அதனால் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொன்னேன். "அரோகரா சொல்றப்போ உதட்டைக் கடிச்சிகினாங்க. வேண்டுதலான்னு கேட்டேன், ஆமான்னு தலையாட்டினாங்க. இவ்ளோதாங்க எனக்குத் தெரியும். உடம்பு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தாங்க. "எங்க ஆத்தா வீட்டிலும் இப்படி வேண்டுதல் உண்டும்மா. ஆனா மூளை அடிபட்டவங்களும் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுவாங்க. ஒண்ணு செய்யுங்க. அபத்தமா ஏதாவது கேளுங்க. அதுக்கும் ஆமான்னா, நான் அனுப்பிடுவேன்."

அபத்தமாக என்ன கேட்பது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதிரே காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, அதற்கு மேலே பெரிய தொப்பி. அவரைக் காட்டி, "ஈயன நீ மொகுடா?" என்று கேட்டுவிட்டேன். இவர் உன் புருஷனா என்று அர்த்தம்.

அந்த அம்மா காவல்காரரை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாங்க. பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாங்க. அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு சத்தமாக வந்துவிடும் என்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாங்க. வசந்தாவும் டாக்டரம்மாவும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாங்க.

"இன்னா கேட்ட? ஏன் எல்லாரும் என்னியே பாக்குறீங்க?" என்றார் காவல்காரர்.

"ஒண்ணுமில்ல பாவா" என்றாள் வசந்தா. தெலுங்கில் அக்கா புருஷனைக் கூப்பிடுகிற முறை அது.

டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னாங்க, மடக்கச் சொன்னாங்க, கண்ணில் வெளிச்சம் அடித்தாங்க. எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் ஆம்புலன்ஸ் கதவை மூடச் சொல்லவில்லை. "வண்டி அப்படியே நிக்கட்டும். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். இவங்க வீட்டு ஆளு யாராவது வந்து, வேண்டுதல்தான்னு சொல்லட்டும். கொஞ்சம் மாறிச்சின்னாலும் கிளம்பிடும். சீக்கிரம் தேடுங்க."

தேடுவதென்றால் மைக்கில் சொல்ல வேண்டும். போலீஸ் பந்தலில் மைக் இருந்தது. வசந்தாவுக்குக் காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. "நீ போக்கா" என்றாள். நானா? எங்க வீட்டு வாசலில் நின்று காய்காரரைக் கூப்பிடவே பக்கத்து வீட்டு அம்மாவைத்தான் கூப்பிடுவேன். "வேற யாருக்கா ரெண்டு பாஷைலயும் சொல்லுவாங்க? போ!" என்று பிடித்துத் தள்ளினாள்.

பந்தலில் இருந்த போலீஸ்காரர், "அடையாளம் சொல்லும்மா, நானே சொல்றேன்" என்றார்.

"மஞ்சப் புடவைங்க."

அவர் வெளியே கையைக் காட்டினார். மலை முழுக்க மஞ்சள் புடவை.

"நெத்தியில விபூதிங்க."

"விளையாடுறியாம்மா?"

"பேசமாட்டாங்க. வேண்டுதல்."

"ஆஹா! அந்த வேண்டுதலை என் சம்சாரத்துக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா" என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த அந்த இந்தி பேசிய பெண் போலீஸ், "மொதல்ல நீங்க எடுங்க சார், ஸ்டேஷனே நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாங்க.

அத்தனை ஜனம். முதலில் என்ன சொல்வது? வீட்டு ஆளுங்க எங்கேயோ தவித்துக்கொண்டிருப்பாங்க. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே படிக்கட்டில் ஓடுவாங்க, விழுவாங்க. அதனால் முதலில், "ஒரு அம்மா கண்ணு முழிச்சி உட்கார்ந்துகினு இருக்காங்க, பயப்பட வேணாம்" என்றேன். பிறகு, "பேசாத வேண்டுதல் எடுத்து வந்த அம்மா. அவங்க வீட்டுக்காரங்க அடிவாரத்து மருத்துவ முகாமுக்கு மெதுவா நடந்து வாங்க" என்றேன். தெலுங்கிலும் அதையே சொன்னேன். எந்த ஊரென்று தெரியாதே, அதனால் மறுபடியும் தமிழில், மறுபடியும் தெலுங்கில். நாலாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்கு என்று தோன்றியது. பெண் போலீஸ் போதும் என்று மைக்கைத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது.

நான் கொட்டகைக்குத் திரும்பின கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் வந்தார். தோளில் பூக்காவடி, கையில் ஒரு பெண் குழந்தை. கூட்டம் தள்ளினதில் அவர் முன்னால் போய்விட்டாராம், பெண்டாட்டி பின்னால் வருகிறாள் என்றே நினைத்து ஏறிக்கொண்டிருந்தாராம்.

"இன்னாமே ஆச்சு?" என்று காவடியை இறக்கக்கூட மறந்துபோய்க் கட்டிலுக்குக்கிட்ட வந்தார்.

"எம்மா, நீ ஏம்மா படுத்துகினு இருக்கே, உனுக்கு ஊசி போட்டாங்களா, வலிச்சிச்சா, நான் மேல குரங்கு பார்த்தேன், அது தேங்கா புடுங்கிச்சி" என்று அந்தக் குழந்தை மூச்சுவிடாமல் பேசியது. அந்த அம்மா அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

"வேண்டுதல்தானா?" என்றாங்க டாக்டரம்மா.

"ஆங், வேண்டுதல்தாங்க. இது நாலு வயசு வரிக்கும் ஒரு வார்த்தை பேசலைங்க. எங்கெங்கியோ காட்டினோம். 'இதோட வாயைத் தொற முருகா, நான் எம் வாயை மூடிகினு உன்கிட்ட வரேன்'னு இவ வேண்டிகினா. இப்போ பாருங்க, இது வாயை மூடுறதே இல்ல. நேத்து ராவுல இருந்து சோறும் துன்னல இவ. சாப்பிடும்மேன்னா கேட்டாத்தானே!"

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டாங்க. குழந்தை கையால் உப்புச் சர்க்கரைத் தண்ணியும் வாழைப்பழமும் கொடுக்கவைத்தாங்க. மறுபடி கொதிப்பு பார்த்தாங்க. அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டாங்க. மலை மேலேயும் ஒரு முகாம் உண்டு. "வண்டியை மலைப்பாதையில மேல கொண்டு போங்க. நர்ஸ் கூட வருவாங்க. சாமி பார்த்த உடனே திரும்ப என்கிட்ட கூட்டிட்டு வரணும். இவங்க பேசி நான் கேட்கணும். அது வரைக்கும் எனக்கு நிம்மதி கிடையாது" என்றாங்க.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருந்த வண்டி முருகனைப் பார்க்கப் போனது.

வெயில் சாயும் வரைக்கும் டாக்டரம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. மாற்று டாக்டர் வந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. வண்டி வந்து நிற்பதற்கு முன்னாலேயே சத்தம் வந்தது.

"மெதுவா ஓட்டுப்பா, கொழந்தை தூங்குது! நர்ஸம்மா, நீங்க மொதல்ல எறங்குங்க. யோவ், காவடி எங்க, மறந்துட்டியா?"

இறங்கி நேராக வந்தாங்க. பேர் சொன்னாங்க, ஊர் சொன்னாங்க, யாரும் கேட்காமலே. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடையாம். திருப்பதி போகிற வண்டியெல்லாம் அங்கே நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் இந்தி, எல்லாம் கடையிலேயே கற்றுக்கொண்டதாம். "காலையில வந்தவங்க கேட்டதெல்லாம் புரிஞ்சிச்சி தாயி. அந்த மலையாளம் ஒண்ணுதான் புரியல" என்றாங்க. வசந்தா கொட்டகைக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். "நல்லா மாப்பிள்ளை பார்த்த எனக்கு!" என்று என் தோளில் ஒரு அடி வைத்தாங்க. மேலே தரிசனத்துக்கு எவ்வளவு கூட்டம், யார் யார் இடித்தாங்க, ஐயர் என்ன சொன்னார், இட்லிக்கு அரைத்த மாவு புளித்துப்போயிருக்குமே, எல்லாம் சொன்னாங்க. டாக்டரம்மா அவங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, காதில் குழாயை மாட்டி, நெஞ்சில் வைத்தாங்க. பேச்சு நிற்கவில்லை. குழாயை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாங்க. அப்பவும் நிற்கவில்லை.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருங்கம்மா. ஒண்ணும் கேட்க மாட்டேங்குது" என்று கும்பிட்டாங்க டாக்டரம்மா.

"இன்னா டாக்டரம்மா நீங்க! காலையில இருந்து அதைத்தானே பண்ணிகினு இருந்தேன், அப்போ வுட்டீங்களா?"